நினைவகத்தில் தலைவர்

அந்த மடிக்கணினியை யாரும் மடியில் வைக்கக் கூடாது. அது வாரியத்தின் முதல் விதி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கிவந்த தோட்ட மக்கள் மறுகுடியேற்ற உதவி வாரியம் 1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கணினிமயமானது. சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் மீனாட்சிசுந்தரம் குத்துவிளக்கேற்றி, தேங்காய் உடைத்து, பொத்தானை அழுத்தினார். அலுவலகத்தில் இருந்த ஐந்து தட்டச்சுப் பொறிகளுக்கும் மாலை போட்டு வழியனுப்பு விழா நடத்தி, லோரியில் ஏற்றிக் கிள்ளானில் இருந்த கிடங்குக்கு அனுப்பிவைத்தார்கள். கணினியை விற்ற கடைக்காரர் அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது இலவசமாகக் கிடைத்ததைத் தமது ஓயாத பேச்சுவார்த்தையின் பலன் என்று தலைவர் விழாவில் குறிப்பிட்டார்.

இரண்டாவது விதி, தலைவர் கையால் உயிர்பெற்ற இயந்திரத்தை வேறு யாரும் அணைக்கக் கூடாது என்பது. தலைவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வராததால் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது விதிப்படி, பட்டியல்களைத் தட்டவும் அச்சிடவும் பொது அனுமதி உண்டு. மற்ற எந்தக் கட்டளை கொடுப்பதானாலும் முதலில் பதிவேட்டில், நல்ல தமிழில், மூன்று படிகளாக எழுதிப் பொதுச்செயலாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அந்த இயந்திரத்தைத் தொடும் ஒரே ஆள் சந்திரகலா. அவள் ஒருத்திக்காக எழுதிய விதிகளைக் கண்ணாடி போட்டு அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

சந்திரகலா நான்கு வருடமாகத் தற்காலிக எழுத்தர். வேலை நிரந்தரமாகும் கடிதம் வருகிறது, வருகிறது என்று பொதுச்செயலாளர் நாகையா நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவள் நாற்காலியை நகர்த்தும்போதுகூடச் சத்தம் வராமல் நகர்த்துவாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை அவள் பட்டியல் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். பந்திங் பக்கத்தில் கிளாடி என்ற ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கிருந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஜெஞ்சாரோமில் மலிவு விலை வீடு தருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெயர்ப் பட்டியல் மாவட்ட அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராத பெயருக்கு வீடு கிடையாது. அந்த நூற்றுப் பன்னிரண்டில் சந்திரகலாவின் அக்காள் தனலெட்சுமியின் குடும்பமும் ஒன்று.

கடைசித் திருத்தங்கள் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தன. புதன் காலை அவள் இறந்துபோன ஒரு கிழவரின் பெயரை நீக்கிவிட்டு, போன வாரம் பிறந்த அவருடைய பேத்தியின் பெயரைச் சேர்க்கப் போனபோது கணினி நின்றுவிட்டது. முழுதாக நிற்கவுமில்லை. ஓரத்தில் இருந்த மஞ்சள் விளக்கு விடாமல் துடித்தது. உள்ளே எலி மரத்தைப் பிறாண்டுவதுபோல் ஒரு சத்தம். கிழவர் திரையிலிருந்து போக ஆறு நிமிடம் ஆனது. பேத்தி வந்து சேர அதற்கு மேலும் ஆனது. அதுதான் கடைசித் திருத்தம்.

தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று சந்திரகலா நினைத்தாள். கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, சுங்கை வேயில் இருந்த கணினிக் கடைக்குப் போன் போட்டாள். தொழில்நுட்ப ஆள் ராதாகிருஷ்ணன் எடுத்தான்.

"தம்பி, மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கு. நான் ஒண்ணும் செய்யல தம்பி. சத்தியமா ஒண்ணும் செய்யல."

"பயப்படாதீங்கக்கா. ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"அணைக்கக் கூடாது. ரூல் இருக்கு."

"என்ன ரூல்?"

அவள் தலைக்கு மேலே பார்த்து வாசித்துக் காட்டினாள்.

"சரிக்கா. அப்ப 'டாப்'னு அடிச்சு என்டர் தட்டுங்க. எது எவ்வளவு மெமரி தின்னுதுன்னு காட்டும். சும்மா பாக்கத்தான்."

பார்ப்பது கட்டளையா இல்லையா என்று விதியில் தெளிவாக இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். திறந்து பார்த்தபோது திரை முழுக்க ஒரே பெயர் வரிசையாக நின்றது. கெத்துவா, கெத்துவா, கெத்துவா. மலாய் மொழியில் தலைவர் என்று அர்த்தம்.

அது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. போன வாரம் வியாழக்கிழமை தலைவருக்கு மணிவிழா. அதற்கு அன்பளிப்பாக நாகையா எங்கேயோ சொல்லி ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தலைவரின் சிரித்த முகம் திரையில் வரும். கீழே 'உங்களுக்காக ஓயாது உழைக்கிறேன்' என்று எழுத்து ஓடும். ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும்.

"மறையுது, ஆனா போகல," என்றான் அவள் சொன்னதைக் கேட்ட ராதாகிருஷ்ணன். "முகம் மட்டுந்தான் போகுது, ஆளு உள்ளேயே உக்காந்துக்குறாரு. அடுத்த ரெண்டு மணி நேரத்துல இன்னொருத்தர் வந்து பக்கத்துல உக்காந்துக்குறாரு. மொத்தம் எத்தன இருக்குன்னு எண்ணுங்க."

எண்ணினாள். எழுபத்து நான்கு.

"ஐயோ. இதெல்லாம் என்ன தம்பி செய்யுது?"

"ஒண்ணும் செய்யலக்கா. சும்மா இடத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உங்க மேசையில எடம் இல்லன்னா சாமானத் தூக்கி ஸ்டோர்ல வப்பீங்கல்ல? வேணும்போது ஸ்டோருக்கு ஓடி எடுத்தாருவீங்க. இப்ப உங்க மெஷின் வேலையே பாக்கல, மேசைக்கும் ஸ்டோருக்கும் ஓடிக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தந்தான் உங்களுக்குக் கேக்குது."

"இப்ப என்ன செய்ய?"

"ஒரே லைன்தான்க்கா. கில் ஆல் கெத்துவா. எல்லாத்தையும் கொன்னுருங்க. ஒரு செகண்டுல சரியாயிரும்."

சந்திரகலா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

விதி என்றால் விதி. அவள் பதிவேட்டைத் திறந்து, கார்பன் தாள்களைச் செருகி, ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வராமல் நல்ல தமிழில் எழுத உட்கார்ந்தாள். மெமரிக்கு அகராதியில் நினைவகம் என்று இருந்தது. கெத்துவாவுக்குத் தலைவர் என்பதைத் தவிர வேறு தமிழ் அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் பாடுபட்டு இப்படி எழுதி முடித்தாள்:

'நினைவகம் நிரம்பிவிட்டது. தலைவர் நினைவகத்தில் இருக்கிறார். அவர் எந்த வேலையும் செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறார். அவரை முற்றாகக் கொன்றால்தான் மக்களின் பட்டியல் வெளியே வரும் என்று கடைக்காரர் கூறுகிறார். உடனடியாகக் கொல்ல அனுமதி வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சந்திரகலா.'

நாகையா அதை நின்றபடி ஒரு முறை வாசித்தார். உட்கார்ந்து ஒரு முறை வாசித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"கடைக்காரருக்குத் தெரியும் சார்."

"வெளியாள் வேற சம்பந்தப்பட்டிருக்கானா?" நாகையாவின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும். அதுவரைக்கும் மெஷினத் தொடாதே."

"சார், வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகணும் சார்."

"லிஸ்ட்டா முக்கியம்?" என்றார் நாகையா. உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாலை தனலெட்சுமி கடைத்தெருவிலிருந்து போன் செய்தாள். "கலா, தோட்டத்துல தண்ணிக் குழாயப் புடுங்கிட்டாங்கடி. அடுத்த வாரம் கரண்டாம். எங்க பேரு லிஸ்ட்ல இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"ஏன் உன் குரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"சளிக்கா," என்றாள் சந்திரகலா.

வியாழக்கிழமை குழு கூடியது. குழுவில் இரண்டு பேர். ஒருவர் நாகையா. மற்றவர் வாரியத்தின் மொழி ஆலோசகர் அய்யாவு. இருபத்தெட்டு வருடம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சந்திரகலாவை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பட்டுத் துணி விரித்த மேசையில் மடிக்கணினி பிறாண்டிக்கொண்டிருந்தது.

அய்யாவு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டை எடுத்தார். "வாக்கியங்களில் பிழை இல்லை. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. பிழையா எழுதியிருந்தா ஏதோ கோபத்துல எழுதினதுன்னு விட்டுரலாம். 'கொன்றால்தான்'. இந்தத் 'தான்' இருக்கே, இது சாதாரண இடைச்சொல் இல்லம்மா. வேற வழியே இல்லைன்னு உறுதியா முடிவு எடுத்தவங்க போடுறது. எவ்வளவு நாளா இந்த முடிவுல இருக்கீங்க?"

"ஐயா, அது புரோகிராம் ஐயா. மனுஷன் இல்ல."

"புரோகிராம்தான்," என்றார் நாகையா. "அதுல இருக்குறது யார் முகம்?"

"டத்தோ முகம் சார்."

"யார் பேரு?"

"தலைவர்னு போட்டிருக்கு சார்."

"முகமும் அவருது, பேரும் அவருது. அப்புறம் என்ன மிச்சம்? இந்த வாரியத்துக்கு டத்தோ முகத்தையும் பேரையும் தவிர வேற எதையாச்சும் கொடுத்திருக்காரா, சொல்லு பார்ப்போம்?"

சந்திரகலாவுக்குப் பதில் தெரிந்திருந்தது.

அய்யாவு அடுத்த வரிக்குப் போனார். "'தலைவர் நினைவகத்தில் இருக்கிறார்.' உயிரோட இருக்குற மனுஷனுக்கு யாராச்சும் நினைவகம் கட்டுவாங்களா? முதல்ல நினைவகம், அப்புறம் கொலை. வரிசை மாறியிருக்கேன்னு பார்த்தேன். ஆனா திட்டம் போடுறவங்க கட்டடத்த முதல்லேயே கட்டி வைக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு."

"நினைவகம்னா மெமரி ஐயா. அகராதியில அப்படித்தான் இருக்கு."

"அந்த அகராதி யார் போட்டது?"

"நீங்கதான் ஐயா அச்சுப்பிழை பார்த்தீங்க. முதல் பக்கத்துல உங்க பேரு இருக்கு."

அய்யாவு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் கேள்வி குறிப்பில் வர வேண்டாம்," என்றார்.

நாகையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு உறுத்துறது இந்த வரிதான். 'எந்த வேலையும் செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறார்.' இது உனக்கு யாரு சொன்னது?"

"மெஷின்ல தெரிஞ்சுது சார்."

"மெஷின்லேயே தெரியுதா?" நாகையாவும் அய்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாரும்மா. இது வாரியத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்குப் பதினோரு வருஷமா தெரியும். தெரியுறது தப்பில்ல. ஆனா எழுத்துல போடுறதுக்கு ஒரு தகுதி வேணும். நிரந்தர ஊழியரே போட மாட்டாங்க. நீ தற்காலிகம்."

போலீசில் புகார் கொடுப்பதா என்று அடுத்து விவாதித்தார்கள். அவள் இருக்கும்போதே, அவள் இல்லாததுபோல் விவாதித்தார்கள். கொடுத்தால் புகாரில் அந்த வரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும், போலீஸ்காரர்கள் அதை விசாரித்து உண்மை என்று கண்டுபிடித்துவிட்டால் சங்கடம் என்று அய்யாவு சொன்னதால் தள்ளிவைத்தார்கள். லாக்கப்பில் பெண்களுக்குத் தனி அறை இருக்குமா என்று சந்திரகலா யோசித்தாள். வீட்டில் உலையில் போட அரிசி ஊறவைத்துவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது.

கணினி மெதுவாக ஓடுவதற்குத் தீர்வையும் குழு மறக்கவில்லை. தலைவர்கள் தாராளமாக உட்காரும்படி நினைவகத்தை இரட்டிப்பாக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். டெண்டர் விட ஆறு வாரம் ஆகும்.

"நாளைக்கு லிஸ்ட், சார்?" என்று அவள் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டே இருக்காதே," என்றார் நாகையா. "ஏன் உன்மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு பதினாலு நாளுக்குள்ள எழுத்துல விளக்கம் கொடு." கடிதத்தை நீட்டினார். முதல் நாளே தயாரித்துக் கையெழுத்துப் போட்டுவைத்த கடிதம்.

மத்தியானம் அவள் ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்துவைத்து, தோட்டத்திலிருந்து வந்த பழைய குறிப்புகளைப் பார்த்துக் கையாலேயே பட்டியலை எழுத ஆரம்பித்தாள். முப்பதாவது குடும்பத்தில் நாகையா வந்து தாள்களை எடுத்துக்கொண்டார். கையால் எழுதுவது வாரியத்தின் கணினிமயக் கொள்கைக்கு விரோதம் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைவர் வந்துவிட்டார்.

அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெஞ்சாரோம் மண்டபத்தில் பதினொன்றரைக்கு விழா. பட்டியலை மேடையில் மாவட்ட அதிகாரியிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். தலைவர் நேரே அங்கே போக வேண்டியவர். ஆனால் அவருடைய உரை மடிக்கணினிக்குள் இருந்தது. திங்கட்கிழமை சந்திரகலா தட்டிவைத்தது, இருபத்திரண்டு பக்கம்.

"என் ஸ்பீச் எங்க?" என்றார் டத்தோ மீனாட்சிசுந்தரம். பாத்தேக் பூவேலைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக மேசை முன்னால் நின்றார்.

சந்திரகலா உரையைத் திறக்கச் சொல்லித் தட்டினாள். மஞ்சள் விளக்கு துடித்தது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. கால்வாசித் திரை வந்து நின்றது.

"என்னாச்சு இதுக்கு?"

"யோசிக்குது டத்தோ," என்றார் நாகையா. "உங்க உரை கனமானது இல்லியா."

"போன மாசம் இதைவிடக் கனமா இருந்துச்சே, சட்டுனு வந்துச்சே. அய்யாவு சார், என்ன இது?"

அய்யாவு மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சந்திரகலாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

பத்து மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். பத்தேகாலுக்கு மேல் கிளம்பினால் போய்ச் சேர முடியாது. நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் ஒரு பக்கம், கைப்பையில் மடித்துவைத்த கடிதம் ஒரு பக்கம்.

"ஒரு கமாண்ட் அடிக்கணும் டத்தோ."

"அடி."

"டத்தோ, அந்த வார்த்தை வந்து..." என்று நாகையா நடுவில் புகுந்தார்.

"எந்த வார்த்தை?"

நாகையா அய்யாவு பக்கம் திரும்பினார். சந்திரகலா விதியை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். எழுத்துகளைத் தட்ட அவளுக்கு அனுமதி உண்டு. என்டரைத் தட்டினால்தான் அது கட்டளை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஒவ்வொன்றும் ஆற அமர வந்து திரையில் உட்கார்ந்தது. நான்கு பேரும் நின்று பார்த்தார்கள். முதலில் கொல் என்ற சொல் வந்தது. அடுத்து எல்லாரையும் என்ற சொல். கடைசியாகத் தலைவர் வந்தார்.

நாகையா ஓரடி பின்னால் போனார்.

தலைவர் குனிந்து வாசித்தார். "யாரை?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெம்பில்லாத அளவுக்கு அவள் பயந்திருந்தாள். "உங்களத்தான் டத்தோ. உள்ள தொண்ணூத்தேழு பேரு இருக்கீங்க."

"நான் தொண்ணூத்தேழு பேரா?" அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "எல்லாரும் என்ன செய்யுறாங்க?"

"ஒண்ணும் செய்யல டத்தோ. உக்காந்திருக்கீங்க. அதான் உங்க ஸ்பீச்சு வெளிய வர எடமில்ல."

டத்தோ மீனாட்சிசுந்தரம் யோசித்தார். தாம் பேசுவதைத் தாமே தடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் என்னத்துக்கு அவனுங்க? தட்டு."

"நான் தட்டக் கூடாது டத்தோ. ரூல்."

"நாகையா, நீங்க தட்டுங்க."

நாகையா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "டத்தோ, பதினோரு வருஷமா உங்க உப்பைத் தின்னவன் நான்."

அய்யாவு கழிவறைக்குப் போயிருந்தார்.

தலைவர் மூன்று மோதிரம் போட்ட தன் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் என்டரை அழுத்தினார்.

விளக்கு அணைந்தது. பிறாண்டல் நின்றது. இரண்டு நாளில் முதல் முறையாக அந்த அறையில் கீழே தெருவில் போகிற பஸ்ஸின் சத்தம் கேட்டது. மூவரும் அசையாமல் நின்றார்கள். நாகையா தலைவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்து, அவர் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டார். அடுத்த நொடி இருபத்திரண்டு பக்க உரையும் பளிச்சென்று திறந்துகொண்டது.

மணி ஒன்பதரை. அச்சுப்பொறி ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுக்கும் பழைய ரகம்.

"சார், லிஸ்ட்ட முதல்ல அடிச்சுரட்டுமா? ஒம்பது பக்கந்தான்," என்றாள் சந்திரகலா.

"உரை முதல்ல," என்றார் நாகையா. "லிஸ்ட்ல இருக்குறவங்க காத்திருந்து பழகுனவங்கதானே. டத்தோவுக்கு அந்தப் பழக்கம் இல்ல." தலைவரை அழைத்துக்கொண்டு கீழே கடையில் தோசை சாப்பிடப் போனார். கழிவறையிலிருந்து வந்த அய்யாவும் சேர்ந்துகொண்டார்.

அச்சுப்பொறி கீச்சிட்டது. முதல் பக்கம் முழுக்க விளிப்புகள். இரண்டாம் பக்கத்தில் தலைவரின் இளமைப் பருவம் தொடங்கியது. சந்திரகலா விரல்விட்டு எண்ணினாள். இருபத்திரண்டு பக்கம், நாற்பத்து நான்கு நிமிடம். பட்டியல் பதினெட்டு. எப்படிக் கூட்டினாலும் பத்தரை தாண்டுகிறது. மூன்றாம் பக்கம் வந்தது. நான்காம் பக்கம் வந்தது. கைக்குட்டை நனைந்துவிட்டது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தாள், யாருமில்லை. ஐந்தாம் பக்கம் வெளியே வந்து விழுந்தது.

அச்சு வரிசையிலிருந்து ஒரு வேலையை நீக்கும் கட்டளை அவளுக்குத் தெரியும். பதிவேடு திறந்தபடி பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதில் எதுவும் எழுதவில்லை. எழுதினால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. தட்டினாள். என்டரையும் அவளேதான் தட்டினாள். அச்சுப்பொறி ஒரு முறை குலுங்கி நின்றது. அப்புறம் பட்டியலை அனுப்பினாள்.

பத்து மணிக்கு நாகையா மேலே வந்தபோது ஒன்பதாம் பக்கம் பாதி வந்திருந்தது. அவள் உரையின் ஐந்து பக்கங்களைத் தங்க நிறக் கோப்பில் வைத்து நாடா கட்டி நீட்டினாள். தலைவரின் உரையைத் தலைவருக்கு முன்னால் யாரும் திறக்கக் கூடாது என்பதால் நாகையா திறக்கவில்லை. கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"லேசா இருக்கே?"

"மெல்லிசுத் தாள் சார்," என்றாள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. கிளாடித் தோட்டத்துச் சனம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிரம்பியிருந்தது. தலைவரின் உரைகளை முன்பே கேட்டவர்கள் விசிறியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். சந்திரகலா மேடையின் ஓரத்தில் பட்டியலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறதா என்றும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

தலைவர் வாசித்தார். ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார். "ஆகவே அன்பர்களே, இந்த வீடுகளை உங்களுக்கு நான்..."

பக்கத்தைப் புரட்டினார். கோப்பின் அட்டைதான் இருந்தது. ஆறாம் பக்கத்திலிருந்து, அந்த வீடுகளைப் பெற்றுத்தர எத்தனை இன்னல்களை அனுபவித்தார் என்பது பதினேழு பக்கத்துக்கு விளக்கப்பட்டிருந்தது. அது பிரிக்பீல்ட்ஸில் கணினிக்குள்ளேயே இருந்தது.

தலைவர் சபையைப் பார்த்தார். சபை தலைவரைப் பார்த்தது. சந்திரகலாவின் கால் தானாக நடந்தது. மேடையேறிப் பட்டியலைத் தலைவரின் கையில் வைத்துவிட்டாள்.

"...கொடுக்கிறேன்," என்றார் தலைவர். அதிகாரியிடம் நீட்டினார்.

ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு கைதட்டல் எழுந்தது. தலைவரின் பொதுவாழ்வில் அப்படி ஒரு கைதட்டலை அவர் கேட்டதே இல்லை. கிழவிகள் எழுந்து நின்று தட்டினார்கள். அதிகாரி பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பட்டியலைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டார்.

"எப்படி இருந்துச்சு ஸ்பீச்?" என்று தலைவர் இறங்கும்போது கேட்டார்.

"சுருக்கம், ஆழம்," என்றார் நாகையா. "நாலு வாரமா உக்காந்து வெட்டிச் சுருக்குனோம் டத்தோ."

தனலெட்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "பேரு போயிருச்சுல்ல? போயிருச்சுல்லடி?" என்றாள். அப்புறம், "ஏண்டி கை ஐஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டு, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள். சந்திரகலா அழுதாள்.

மூன்று வாரம் கழித்து ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தீர்ப்பு வந்தது. அய்யாவுதான் எழுதியிருந்தார், பிழையே இல்லை. தலைவர் தம் சொந்தக் கையால், முழு நினைவோடு, தம்மைத் தாமே தொண்ணூற்றேழு முறை கொன்றுகொண்டார் என்று குழு கண்டறிந்தது. வெளியார் யாருக்கும் இதில் பங்கில்லை. தலைவரை விசாரிக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லாததால் சம்பவமே நடக்கவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. எழுத்தர் சந்திரகலாவின் வேலை நிரந்தரமாக்கப்பட்டது. அந்த முகத்தை மக்கள் இன்னும் அதிகமாகக் காண வேண்டும் என்பதால், வாரியத்தின் ஒன்பது கிளைகளுக்கும் ஒவ்வொரு மடிக்கணினி வாங்கி, எல்லாவற்றிலும் அந்தப் புரோகிராமைப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மாற்றினார்கள்.

அதைப் போட்ட ஐந்தாம் நாள் மத்தியானம் சந்திரகலாவின் மேசையில் போன் அடித்தது. கிள்ளான் கிளையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் சிவகாமி.

"அக்கா, மெஷின் நகரவே மாட்டேங்குதுக்கா. சாயங்காலத்துக்குள்ள அறுபது பேரு லிஸ்ட் போகணும். நான் ஒண்ணும் செய்யலக்கா. சத்தியமா ஒண்ணும் செய்யல."

சந்திரகலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். நாகையாவின் அறையில் பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்து ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பதிவேட்டுல எதையாச்சும் எழுதுனியா?"

"இன்னும் இல்லக்கா."

"எழுதாதே. நான் சொல்றதத் தட்டு. வாய்விட்டு மட்டும் படிக்காதே. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா." சிவகாமியின் குரல் தழைந்தது. "டத்தோ மட்டுந்தான். திரையில சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

"அவரு மறையட்டும்," என்றாள் சந்திரகலா.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.